எழுத்தின் காலை வெட்டாதீர்கள்: தமிழ் இணையதளங்களுக்கு ஒப்புதல் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: அரசுத் துறைகள், உள்ளாட்சி அமைப்புகள், பல்கலைக்கழகங்கள், கோயில் நிர்வாகங்கள் ஆகியவற்றில் தமிழ் இணையதளங்களுக்கு டெண்டர் விடுவோரும், முடிந்த வேலையைப் பார்த்துக் கையெழுத்திடுவோரும்.

மதிப்புக்குரிய அலுவலர்களுக்கு வணக்கம்.

தளம் கட்டி முடிந்ததும் உங்களுக்கு ஒரு செயல்விளக்கம் காட்டுகிறார்கள். சுவரளவு திரை, வேகமான இணைப்பு. மவுஸைப் பிடித்திருப்பவர் தளத்தைக் கட்டியவரே. முகப்பு ஆங்கிலத்தில் திறக்கிறது, படங்கள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன, ‘தமிழ்’ என்ற பொத்தானை ஒருமுறை அழுத்திக் காட்டிவிட்டு மறுபடி ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் மறுநாள் காலை அந்தத் தளத்தைத் திறக்கப்போகிறவர்கள் வேறு ஆட்கள். கையடக்க போனில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவி. எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால்தான் படிக்க முடிகிற ஓய்வூதியர். திரையைப் பார்க்காமல் காதால் கேட்டே எல்லாவற்றையும் முடிக்கிற பார்வையற்ற ஆசிரியர். கை நடுக்கத்தால் மவுஸைப் பிடிக்க முடியாமல் கீபோர்டில் டேப் விசையைத் தட்டித் தட்டிப் போகிறவர். இவர்களுக்குத் தளம் திறக்குமா, திறந்தாலும் பயன்படுமா என்பதில் பெரும்பங்கு ஸ்டைல்ஷீட்டின் கையில், அதாவது பக்கம் எப்படித் தோன்ற வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் விதித்தாளின் கையில், இருக்கிறது.

அந்த ஸ்டைல்ஷீட் தமிழ் எழுத்தை அளந்து எழுதப்பட்டதா என்று பாருங்கள், கண்ணால் மட்டும் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல். மற்றவை எல்லாம் இதற்கான விளக்கம்.

பக்கத்தின் பொருளை எச்டிஎம்எல் என்ற குறிமொழி சொல்கிறது: இது தலைப்பு, இது பட்டியல், இது பொத்தான். அது எப்படித் தோன்ற வேண்டும் என்பதை, ஸ்டைல்ஷீட் எழுதப்படும் மொழியான சிஎஸ்எஸ் (கேஸ்கேடிங் ஸ்டைல் ஷீட்ஸ்) சொல்கிறது. ஹோகோன் வியூம் லீ 1994 அக்டோபர் 10 அன்று, செர்ன் ஆய்வகத்தில் இருந்தபோது, இதற்கான முதல் முன்மொழிவை வெளியிட்டார். பெர்ட் போஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். 1996 டிசம்பர் 17 அன்று இணையத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி முதல் பதிப்பைப் பரிந்துரையாக ஏற்றது. இதன் பெயரிலேயே இருக்கும் ‘கேஸ்கேடிங்’ என்ற சொல் அடுக்குகளைக் குறிக்கிறது. தளத்தின் தாள் ஓர் அடுக்கு, வாசகர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் தாள் இன்னோர் அடுக்கு, பிரவுசரின் தாள் மூன்றாவது. முதல் பதிப்பில் தளம், வாசகர் இரு தரப்பும் ஒரே விதியை ‘இம்பார்ட்டன்ட்’ (முக்கியம்) என்று குறித்தால் தளத்தின் பேச்சே எடுபடும். 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு அதைத் திருப்பிப் போட்டது: வாசகர் ‘எனக்கு எழுத்து இந்த அளவில்தான் வேண்டும்’ என்று அழுத்திச் சொன்னால் அதுவே நிற்கும். கண் குறைந்தவரின் தேவை, வடிவமைத்தவரின் விருப்பத்தைவிட மேலானது என்று அன்றே முடிவாகிவிட்டது. இதை மறந்து எழுதப்பட்ட தாள்களைத்தான் நாம் இன்று தினமும் பார்க்கிறோம்.

முதலில் வரி உயரம். ஒரு தமிழ்த் தளம் அழகாக இருப்பதும் படிக்க முடிவதும் பாதிக்கு மேல் இங்கேயே தீர்மானமாகிவிடும் என்று சொன்னால் மிகையாகாது. ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் பெரும்பாலானவை நடுவில் ஒரு பட்டைக்குள் அடங்கிவிடும். தமிழில் அப்படி இல்லை. மெய்யெழுத்துக்கு மேல் புள்ளி உட்கார வேண்டும். ‘கி’யில் மேல்விலங்கு, ‘கீ’யில் அதன் சுழி, இரண்டும் தலைக்கு மேல் போகும். பு, சு, வு ஆகியவற்றின் கால் கீழே இறங்கும். ழ, ற இரண்டின் வாலும் நீளும். பூ, சூ, ழூ என்று நெடிலானால் இன்னும் இடம் கேட்கும். நம் ஊரில் பல தளங்களுக்கு அடித்தளமாக இருக்கும் பூட்ஸ்டிராப் கட்டமைப்பில் உடல் எழுத்துக்கு, அதாவது பத்திகளில் வரும் வழக்கமான எழுத்துக்கு, வரி உயரம் எழுத்தளவின் 1.5 மடங்கு, தலைப்புகளுக்கு 1.2. ஆங்கிலத் தலைப்புக்கு அது நன்றாகவே பொருந்தும். அதே 1.2-இல் தமிழ்த் தலைப்பு இரண்டு வரியானால் மேல் வரியின் ‘பூ’ கால் கீழ் வரியின் ‘ஸ்ரீ’ தலையில் மோதும். எழுத்துரு கொஞ்சம் உயரமானதாக இருந்துவிட்டால் புள்ளி எந்த வரியுடையது என்றே தெரியாது. புள்ளி போனால் ‘கட்டம்’ ‘கடடம’ ஆகிவிடும் மொழி இது.

நடைமுறையில் பொருந்தும் அளவுகள் இவை: உடல் எழுத்துக்கு லைன்-ஹைட் 1.7, தலைப்புக்கு 1.4 அல்லது 1.45, பட்டியல், அட்டவணைக் கட்டங்களுக்கு 1.6. இவற்றை அலகில்லாமல் வெறும் எண்ணாக எழுத வேண்டும். ‘24 பிக்சல்’ என்று எழுதிவிட்டால், உள்ளே பெரிய எழுத்து வரும் இடத்திலும் வரி அதே 24 பிக்சலில் நிற்கும், எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அணுகல்தன்மைக்கான, அதாவது மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த முடிவதற்கான, டபிள்யூசிஏஜி 2.1 நெறிமுறையும் வாசகர் தாமாக வரி உயரத்தை 1.5 ஆக்கினால் பக்கம் உடையக் கூடாது என்கிறது. தமிழுக்கு அதற்கு மேலேயே தொடங்குவது நல்லது.

இதோடு ஒட்டிய இன்னொரு கோளாறு, உயரத்தைப் பூட்டிவிட்ட பெட்டிகள். பொத்தானுக்கு ‘ஹைட் 32 பிக்சல், ஓவர்ஃப்ளோ ஹிட்டன்’ (உயரம் 32 பிக்சல், வழிவதை மறை) என்று எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில் ‘சப்மிட்’ சௌகரியமாக உட்காரும். தமிழில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று போட்டதும் ‘வு’வின் கால் வெட்டுப்படும், குறுகிய திரையில் சொல் இரண்டாக மடிந்து கீழ்ப்பாதி மறைந்துவிடும். ஹைட்டை எடுத்துவிட்டு, மேலும் கீழும் 0.6 எம், பக்கங்களில் 1 எம் பேடிங் (உள் இடைவெளி; எம் என்பது எழுத்தளவோடு வளரும் அலகு) கொடுத்து, மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) 44 பிக்சல் வைத்தால் போதும். எழுத்து வளர்ந்தால் பொத்தானும் வளரும். தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 சொல்கிறது, 44 வைத்தால் நடுங்கும் விரலுக்கும் தவறாது.

இனி, தமிழ் வாக்கிய அமைப்பையே முறிக்கும் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். செய்திப் பெட்டிகளில் தலைப்பை ஒரே வரியிலோ இரண்டு வரியிலோ வெட்டி, முடிவில் மூன்று புள்ளி வைக்கும் ‘எலிப்சிஸ்’, ‘லைன்-கிளாம்ப்’ என்ற இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுவதால் வால் வெட்டுப்பட்டாலும் விஷயம் பெரும்பாலும் புரியும். தமிழில் வினை கடைசியில் நிற்கிறது. ஆமா, இல்லையா என்பதும் அந்தக் கடைசிச் சொல்லின் கடைசி அசைகளில்தான் இருக்கிறது. ‘உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி நீட்டிக்கப்படவில்லை’ என்ற அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி ‘…கடைசித் தேதி நீட்டிக்கப்ப…’ என்ற இடத்தில் வெட்டுகிறது. படிக்கும் மாணவி என்ன நினைப்பாள்? நீட்டிப்பு வந்துவிட்டது என்றுதான். அறிவிப்பு, தேர்வு முடிவு, தேதி தொடர்பான எந்தத் தமிழ்த் தலைப்பையும் வெட்டாதீர்கள். பெட்டிகள் சமமாகத் தெரிய வேண்டும் என்பது கவலையானால், பெட்டிகளைக் கட்டம்கட்டமாக அடுக்கும் கிரிட் என்ற சிஎஸ்எஸ் வசதி ஒரே வரிசையிலுள்ள பெட்டிகளைத் தானாகவே சம உயரத்துக்கு இழுத்துக்கொள்ளும். அதற்கு எழுத்தை வெட்டத் தேவையே இல்லை.

சொல் நீளமும் அப்படித்தான். ‘விண்ணப்பித்திருப்பவர்களுக்கான’ என்பது ஒரே சொல். சிறு போனில் பெரிய எழுத்தில் அது திரையைத் தாண்டும். அப்போது பக்கம் முழுதும் வலப்பக்கம் வழிந்து, விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டிவரும். பலர் இதற்குக் கைவைத்தியமாக ‘வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்’ என்று போட்டுவிடுகிறார்கள். அது எல்லாச் சொற்களையும் விளிம்பு வந்த இடத்தில் முறித்துப்போடும். மெய்யெழுத்து வரியின் தொடக்கத்தில் வந்து நிற்கும். கடன்சொற்களை விட்டால் தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது; அதனால் வரி தொடக்கத்தில் ‘ட்’டைப் பார்க்கும் கண் ஒரு கணம் தடுக்கி விழும். சரியான மருந்து ‘ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட்’. வேறு வழியே இல்லாத சொல்லை மட்டும் அது மடிக்கும்.

அதைப் போட்டும் பக்கம் வழிகிறது என்று கட்டியவர் சொன்னால், காரணம் பெரும்பாலும் கிரிட்டில் இருக்கும். கிரிட்டின் ஒரு பத்திக்கு ‘1 எஃப்ஆர்’ (மீதி இடத்தில் ஒரு பங்கு) என்று அகலம் கொடுத்தால், அது தன்னுள் இருக்கும் மிக நீளமான சொல்லைவிடக் குறுகாது. ஆங்கிலத்தில் இது அரிதாகவே வெளிப்படும், தமிழில் முதல் நாளே வெளிப்படும். ‘மின்மேக்ஸ்’ கொண்டு கீழ் அளவை 0, மேல் அளவை 1 எஃப்ஆர் என்று எழுத வேண்டும். பெட்டிகளை ஒரே வரிசையில் அடுக்கும் ஃப்ளெக்ஸ் என்றால் உள்ளிருக்கும் பெட்டிக்கு ‘மின்-விட்த்: 0’ (குறைந்தபட்ச அகலம் 0). இரண்டுமே ஒரு வரி வேலை. இருபுறமும் சமன் செய்யும் ‘ஜஸ்டிஃபை’யையும் விட்டுவிடச் சொல்லுங்கள். நீளச் சொற்கள் கொண்ட குறுகிய பத்தியில் சொற்களுக்கிடையே வெற்றிடம் ஆறுபோல ஓடும். இடப்பக்கம் மட்டும் ஒட்டி நிற்கட்டும்.

எழுத்துருவுக்கு வருவோம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண் தரும் யூனிகோடு வருவதற்கு முன், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டிய எழுத்துருக்கள் புழக்கத்தில் இருந்தன. பாமினி அவற்றில் ஒன்று. திரையில் ‘தமிழ்’ என்று தெரியும். அடியில் கிடப்பவை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகள். பொருளையும் தோற்றத்தையும் பிரிப்பதற்காக வந்த தாளைக் கொண்டே பொருளை அழித்துவிடும் வேலை இது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் அதை ஆங்கில எழுத்துகளாகவே உச்சரிக்கும், தேடுபொறி கண்டுகொள்ளாது, நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் குப்பை வரும். 2010-இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய அறிவிப்புகள் இன்னும் அப்படியே கிடந்தால், மாற்றித் தரும் பொறுப்பையும் டெண்டரில் சேருங்கள். படமாக ஒட்டப்பட்ட தமிழ் வாசகங்களுக்கும் இதே விதிதான். பொங்கல் வாழ்த்துப் பலகை படமாக இருக்கட்டும். விண்ணப்பிக்கும் முறை படமாக இருக்கக் கூடாது.

நல்ல இலவச எழுத்துருக்களுக்குப் பஞ்சமில்லை: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ். ஒன்றைத் தேர்ந்து, இரண்டு தடிமன்களை மட்டும் டபிள்யூஓஎஃப்எஃப்2 என்ற சுருக்கிய கோப்பு வடிவில் ஏற்றினால் போதும். ‘யூனிகோடு-ரேஞ்ச்’ குறித்துவிட்டால் தமிழ் எழுத்து இருக்கும் பக்கத்தில் மட்டும் அது இறங்கும். ‘ஃபான்ட்-டிஸ்பிளே: ஸ்வாப்’ என்று போட்டால், எழுத்துரு வரும் வரை வெற்றுத் திரையைக் காட்டாமல் போனில் உள்ள எழுத்திலேயே வாசகம் தெரியும். தடித்த எழுத்துக்குரிய கோப்பை ஏற்றாமல் விட்டால் பிரவுசரே மெல்லிய எழுத்தைப் பூசித் தடிமனாக்கும்; ண, ஞ இரண்டின் சுழிகளும் அடைபட்டு மைப்பொட்டாகும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் கிடையாது, அதையும் பிரவுசர் தள்ளிச் சாய்த்தே காட்டும். ஆகவே அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தை வையுங்கள், சாய்வெழுத்து வேண்டாம்.

எழுத்துகளை விலக்கி வைக்கும் ‘லெட்டர்-ஸ்பேசிங்’ ஆங்கிலத் தலைப்புக்கு நகை. தமிழில் ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று உருவங்கள் கூடி நிற்கும் ஓரெழுத்து. எழுத்துகளை விலக்க விலக்கக் கொம்பு முன்னெழுத்துடையதா பின்னெழுத்துடையதா என்று கண் தடுமாறும்; க்ஷ பிளந்து க், ஷ என்று பிரியவும்கூடும். தமிழ் மொழிப் பகுதிக்கு இதைச் சுழியமாக்கச் சொல்லுங்கள். ஆனால் ‘இம்பார்ட்டன்ட்’ போட்டுப் பூட்ட வேண்டாம். வாசிப்புச் சிக்கல் உள்ள ஒருவர் தமக்கு வேண்டிய இடைவெளியைத் தாமே வைத்துக்கொள்ளும் உரிமை திறந்திருக்கட்டும்.

இவையெல்லாம் தமிழ்ப் பகுதிக்கு மட்டும் பொருந்த வேண்டுமானால், பக்கத்தில் மொழிக்குறி சரியாக இருக்க வேண்டும். எச்டிஎம்எல்-இன் முதல் வரியில் ‘லேங்’ என்ற இடத்தில் தமிழுக்குரிய ‘டிஏ’ இருக்க வேண்டும். ஆங்கிலப் பக்கத்தை நகலெடுத்துத் தமிழாக்கியவர்கள் அந்த ஒரு குறியை மாற்ற மறந்துவிடுகிறார்கள். அப்போது திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும். சில குரல்கள் தமிழ் எழுத்துகளைத் தாண்டிப் போய்விடும், கேட்பவருக்குப் பக்கம் காலியாகத் தோன்றும். அந்தக் குறி இருந்தால் ஸ்டைல்ஷீட்டிலும் ‘லேங்’ தேர்வியைக் கொண்டு தமிழுக்கு ஓர் அளவு, ஆங்கிலத்துக்கு ஓர் அளவு என்று தனித்தனியே எழுதலாம். ஒரே 16 பிக்சலில் தமிழும் ஆங்கிலமும் ஒரே அளவாகத் தெரிவதில்லை என்பதால் இது தேவையும்கூட.

நிறங்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டங்களில் அதிகம் பேசப்படுவதும் அளவெடுக்கப்படாததும் இதுதான். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். 24 பிக்சலுக்கு மேலான பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வெள்ளையில் சாம்பல் எழுத்து எல்லோருக்கும் பிடித்த நாகரிகம். 119, 119, 119 என்ற சாம்பல் (இந்த மூன்று எண்களும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவுகள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை) 4.48 தருகிறது, தேறாது. 118, 118, 118 என்று ஓர் எண் குறைத்தால் 4.54, தேறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் அளந்து பார்க்கச் சொல்கிறோம். கோயில் தளங்களில் விரும்பிப் போடும் காவி, 255, 153, 51, வெள்ளையில் 2.13 மட்டுமே. விழாப் பலகைகளில் வரும் சிவப்பில் மஞ்சள் எழுத்து, நல்ல பளிச்சென்ற 255, 0, 0 என்ற சிவப்பானால் 3.72, தேறாது. அதற்காக மஞ்சளையும் குங்குமத்தையும் கைவிட வேண்டியதில்லை. சிவப்பை 139, 0, 0 என்று அடர் குங்குமமாக இறக்கினால் அதே மஞ்சள் 9.3-ஐத் தாண்டும். மங்கலமும் கெடாது, முதியவருக்கும் தெரியும்.

நிறம் மட்டுமே செய்தி சொல்லவும் கூடாது. தேர்ச்சி பச்சை, தோல்வி சிவப்பு என்று வண்ணம் மட்டும் பூசினால், சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவருக்கு இரண்டும் ஒன்றே. பக்கத்தில் சொல்லும் இருக்கட்டும். பத்தியின் நடுவே வரும் இணைப்புகளுக்கு அடிக்கோடு இருக்கட்டும்; தமிழில் அந்தக் கோடு ‘பு’வின் காலை வெட்டாதபடி ‘டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட்’டை 0.25 எம் வைத்துக் கீழே தள்ளிக்கொள்ளலாம்.

டேப் விசையால் நகர்பவருக்குத் தான் நிற்கும் இடத்தைக் காட்டுவது பிரவுசர் வரையும் ஒரு கோடு. ‘அழகாக இல்லை’ என்று ‘அவுட்லைன்: நன்’ போட்டு அதை அழித்துவிடுவார்கள். இது ஒருவரின் கைத்தடியைப் பிடுங்கிக்கொள்வதற்குச் சமம். மவுஸால் அழுத்தும்போது பொத்தான்களில் கோடு வேண்டாம் என்றால் அதற்கு ‘ஃபோகஸ்-விசிபிள்’ இருக்கிறது. கீபோர்டால் வருபவருக்கு 3 பிக்சல் கோடும் 2 பிக்சல் தள்ளலும் கொடுங்கள். கோட்டுக்குப் பதிலாக நிழல் மட்டும் போடுவதும் ஆபத்து. விண்டோஸின் உயர் வேறுபாட்டு நிலையில் ‘பாக்ஸ்-ஷேடோ’ முழுதாக நீக்கப்பட்டுவிடும். நிழலோடு, நிறமற்ற 2 பிக்சல் அவுட்லைன் ஒன்றையும் சேர்த்துவைத்தால் அந்த நிலையில் அது தானாக நிறம் பெற்றுத் தெரியும். மேலே ஒட்டிக்கொண்டே வரும் தலைப்பட்டை இருந்தால், ஃபோகஸ் பெற்ற இடம், அதாவது டேப் வந்து நிற்கும் இடம், அதன் அடியில் ஒளிந்துவிடாமல் ‘ஸ்க்ரோல்-பேடிங்-டாப்’ கொடுக்க வேண்டும். ஃப்ளெக்ஸிலும் கிரிட்டிலும் ‘ஆர்டர்’ கொண்டு பெட்டிகளை இடம் மாற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்: கண்ணுக்குத் தெரியும் வரிசை மாறும், டேப்பும் திரைவாசிப்பானும் பழைய வரிசையிலேயே போகும்.

ஓடும் எழுத்து. நம் தளங்களில் இது ஒரு கட்டாயச் சடங்குபோல இருக்கிறது. ஐந்து விநாடிக்கு மேல் தானாக நகரும் எதையும் நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ் அறிவிப்பு நீளமானது. மெதுவாகப் படிப்பவர் வினைச்சொல்லை எட்டும்முன் வரி போய்விடும். திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு இரண்டு சொல்தான் தெரியும். மூன்று அறிவிப்புகளை ஒரு நிலையான பட்டியலாக வைத்தால் எல்லோருக்கும் கிடைக்கும். சிமிட்டும் ‘புதிது’ படத்தையும் எடுத்துவிடுங்கள். தேதி போட்டாலே புதிது என்று தெரியும். அசைவு வேண்டும் என்று வற்புறுத்துவோர், ‘ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்டு-மோஷன்’ என்ற நிபந்தனைக்குள் அதை அடக்கும் விதியையும் எழுதித் தரட்டும். அசைவைப் பார்த்தால் தலைசுற்றுகிறவர்கள் போனிலேயே அதை அணைத்துவைத்திருப்பார்கள். தளம் அவர்களின் விருப்பத்தைக் கேட்டு நடக்கும்.

வலது மூலையில் அ−, அ, அ+ என்று மூன்று பொத்தான்கள் இருப்பதைக் காட்டி, ‘அணுகல்தன்மை செய்துவிட்டோம்’ என்பார்கள். அவை இருப்பதில் தவறில்லை. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி பிரவுசரிலேயே இருக்கிறது. அதைக் கெடுக்காமல் இருப்பதே தளத்தின் முதல் கடமை. எழுத்தளவை பிக்சலில் எழுதினால், போன் அமைப்பிலோ பிரவுசரிலோ ஒருவர் வைத்திருக்கும் பெரிய எழுத்துத் தேர்வு வீணாகிவிடும். பிரவுசரின் எழுத்தளவோடு வளரும் ‘ரெம்’ அலகில் எழுத வேண்டும். தலைப்பைத் திரை அகலத்தை மட்டும் பார்க்கும் ‘விடபிள்யூ’ அலகில் எழுதினால் கணினியில் ஜூம் செய்தாலும் அது வளராது. ‘கிளாம்ப்’ கொண்டு கீழ் அளவு 1.5 ரெம், நடு அளவு 1 ரெம் கூட்டல் 2 விடபிள்யூ, மேல் அளவு 2.5 ரெம் என்று எழுதினால் சிறு திரையிலும் பெரிய திரையிலும் அழகாக நிற்கும், ஜூமுக்கும் வளரும். ‘யூசர்-ஸ்கேலபிள்: நோ’ என்ற வரி பக்கத்தில் இருந்தால் உடனே நீக்கச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு போனில் இரு விரலால் பெரிதாக்குவதை அது தடுக்கிறது.

அட்டவணைகளில் ஓர் எச்சரிக்கை மட்டும். போனில் அடங்கவில்லை என்று ‘டிஸ்பிளே: பிளாக்’ போட்டு அட்டவணையைக் கலைத்தால், சில பிரவுசர்களில் அது அட்டவணை என்ற தன்மையையே இழக்கும், திரைவாசிப்பான் எந்த மதிப்பெண் எந்தப் பாடத்துக்கு என்று சொல்லாது. சுற்றிலும் ஒரு பெட்டி வைத்து, அந்தப் பெட்டிக்கு ‘ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ’ கொடுத்து, கீபோர்டால் எட்டும்படி செய்தால் போதும்.

அச்சையும் மறக்க வேண்டாம். விண்ணப்பமும் ஹால் டிக்கெட்டும் இ-சேவை மையத்திலோ நெட் சென்டரிலோ ஏ4 தாளில்தான் முடிகின்றன, பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து. அச்சுக்கான தனி விதிகள் இல்லாவிட்டால் மெனுவுக்கும் பேனருக்கும் ஒரு தாள் போகும். பின்னணி நிறத்தைப் பிரவுசர் பொதுவாக அச்சிடாததால் அடர்நிறத்தின் மேல் இருந்த வெள்ளை எழுத்து மங்கிப்போகும். ‘மீடியா பிரின்ட்’ பகுதியில் மெனுவை மறைத்து, எழுத்தைக் கருப்பாக்கி, அட்டவணை வரிகளுக்கு ‘பிரேக்-இன்சைட்: அவாய்ட்’ கொடுப்பது அரை மணி நேர வேலை.

இவையெல்லாம் சலுகையாகக் கேட்கப்படுபவை என்று யாரும் எண்ண வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. இந்திய அரசுத் தளங்களுக்கான ஜிஐஜிடபிள்யூ வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது; ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலையும் இருக்கிறது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கு ஒவ்வாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று, இணையவழிச் சேவைகளை எட்டுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்றும் அதே நீதிமன்றம் கூறியது.

ஒப்புதல் கூட்டத்தில் என்ன செய்யலாம்? கட்டியவரிடம் இருந்து மவுஸை வாங்கி ஓரமாக வையுங்கள். தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, டேப் விசையால் மட்டும் ஒரு விண்ணப்பத்தைத் தொடங்கிச் சமர்ப்பிக்கும் வரை போகச் சொல்லுங்கள். எந்த இடத்திலாவது ‘இப்போது எங்கே நிற்கிறோம்’ என்று தெரியாவிட்டால் அங்கே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 1280 பிக்சல் அகல ஜன்னலில் ஜூமை 400 சதவீதமாக்குங்கள். அது 320 பிக்சல் போன் திரைக்குச் சமம். பக்கவாட்டில் இழுக்காமல் படிக்க முடிய வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் வியூ மெனுவில் பேஜ் ஸ்டைல், நோ ஸ்டைல் என்று தேர்ந்தால் தாள் முழுவதும் உருவப்பட்டுவிடும். அப்போதும் தலைப்பு, பட்டியல், படிவம் எல்லாம் சரியான வரிசையில் புரிந்தால் அடித்தளம் நன்றாக இருக்கிறது என்று பொருள். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், அதனுடன் வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழும் தெரியும். அதை ஓடவிட்டு, திரையை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கேளுங்கள். தினமும் அதைப் பயன்படுத்தும் ஒருவரையே கூலி கொடுத்து அழைத்து உட்காரவைத்தால் இன்னும் நல்லது. நமக்குத் தெரியாததை அவர் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவார்.

சோதனைக்கு ‘லோரம் இப்சம்’ என்ற பொருளற்ற லத்தீன் நிரப்பலை ஏற்காதீர்கள். உங்கள் துறையின் நிஜ அறிவிப்புகளில் மிக நீளமான மூன்றைக் கொடுங்கள். இரண்டு வரித் தலைப்பு ஒன்றும் கொடுங்கள்: மேல் வரியில் பூ, சு, ழு நிறைய வரட்டும், கீழ் வரியில் கீ, ரீ, ஸ்ரீ நிறைய வரட்டும். அந்த இரண்டு வரிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் வரை கடைசித் தவணைக் காசோலை உங்கள் மேசையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தமிழ்த் தளங்களுக்கு ஸ்டைல்ஷீட் எழுதுவோர் சிலர்